‘கேட்’ ஒட்டினால் ஊழலா? ஒரு கட்டடத்தின் பெயர் விகுதியான கதை

பிரிட்டனில் ‘பார்ட்டிகேட்’, ஃபோக்ஸ்வேகன் கார்களுக்கு ‘டீசல்கேட்’, ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணிக்கு ‘சாண்ட்பேப்பர்கேட்’, டெல்லியில் ‘கோல்கேட்’. ஆங்கிலச் செய்தி பார்ப்பவர்களுக்கு இந்தக் ‘கேட்’ பழகிப்போன ஒன்று. ஆனால் மேலே சொன்ன எதிலும் வாசலும் கிடையாது, கதவும் கிடையாது. ஒரு சர்ச்சை வெடித்தால் மறுநாள் காலைக்குள் அதற்குப் பின்னால் இந்த ஓரசையை ஒட்டிவிடுகிறார்கள். பிரதமர் பதவியை ஆட்டிய விவகாரமும் ஒரு செல்பேசியின் ஆன்டெனா கோளாறும் ஒரே வாலோடு திரிவதைப் பார்த்தால் குழப்பம் வராமல் இருக்காது. எது பெரிய விஷயம், எது சில்லறை விஷயம் என்று பெயரை வைத்துச் சொல்ல முடிவதில்லை.

கட்டடமும் களவும்

வாட்டர்கேட் என்பது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டி 1960களில் எழும்பத் தொடங்கிய ஒரு கட்டட வளாகம். அடுக்குமாடி வீடுகள், ஹோட்டல், அலுவலகங்கள் எல்லாம் அதற்குள் உண்டு. 1972இல் அலுவலகக் கட்டடத்தின் 6ஆவது மாடியில் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைமையகம் இயங்கிவந்தது. குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன் அப்போது அதிபர். நவம்பரில் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்.

ஜூன் 17, பின்னிரவு. ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் காவலாளி ரோந்து வந்தபோது கீழ்த்தளத்துக் கதவு ஒன்றில் பூட்டின் நாக்கின்மேல் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். கதவைச் சாத்தினாலும் பூட்டு விழாமல் இருக்கச் செய்கிற ஏற்பாடு அது. வேலையாட்கள் ஒட்டிவிட்டு மறந்திருப்பார்கள் என்று நினைத்து உரித்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த சுற்றில் வந்து பார்த்தால் அதே இடத்தில் புது டேப். போலீசைக் கூப்பிட்டார். ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் 5 பேர் ஒட்டுக்கேட்புக் கருவிகளோடும் கேமராக்களோடும் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மெக்கார்டு, நிக்சனின் மறுதேர்தல் கமிட்டிக்கே பாதுகாப்புப் பொறுப்பாளர்.

நிக்சனின் செய்திச் செயலர் இதை ‘மூன்றாந்தரத் திருட்டு முயற்சி’ என்று தள்ளிவிட்டார். மக்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49இல் வென்றார். அதற்கப்புறம்தான் நூல் பிரிந்தது. வெள்ளை மாளிகையில் நடக்கும் பேச்சுகளை நிக்சன் ரகசியமாக ஒலிப்பதிவு செய்துவந்தது 1973இல் தெரியவந்தது. நாடாக்களைக் கொடுக்க மறுத்தார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கொடுக்கச் சொன்னது. களவு நடந்த ஆறாம் நாளே, எஃப்.பி.ஐ. விசாரணையை சி.ஐ.ஏ.வைக் கொண்டு முடக்க நிக்சன் சம்மதித்தது அவருடைய குரலிலேயே பதிவாகியிருந்தது. ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார்.

பின்னால் வரும் எல்லாக் கேட்டுகளையும் உரசிப் பார்க்க உதவும் என்பதால், மூல வழக்கின் உறுப்புகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம்:

1. அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர், அல்லது அவருடைய ஆட்கள்.
2. ஒரு தவறு. அதனளவில் அற்பமானதாகக்கூட இருக்கலாம்.
3. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் முயற்சி.
4. மறைத்தது விசாரணையில் வெளிவந்து, மறைத்ததே முதல் தவற்றைவிடப் பெரிய குற்றமாக ஆவது.

நிக்சனைக் கவிழ்த்தவை மூன்றாவதும் நான்காவதும். ‘கேட்’டின் முழு எடையும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

இடப்பெயர் எப்படி விகுதியாகும்?

ஒரு சொல்லின் கடைசியில் சேர்ந்து அதிலிருந்து புதுப் பெயர்ச்சொல்லை உண்டாக்கும் துண்டைத்தான் இங்கே விகுதி என்கிறோம். ஆங்கிலத்தில் இத்தகைய விகுதிகள் பலவும் ஒரு காலத்தில் தனிச் சொற்களாக இருந்தவை. ‘கிங்டம்’ என்பதில் வரும் ‘டம்’ பழைய ஆங்கிலத்தில் ‘தீர்ப்பு, ஆட்சி’ என்ற பொருளில் தனியாக நடமாடிய சொல். ‘சைல்ட்ஹுட்’டின் ‘ஹுட்’டும் அப்படியே. ‘நிலை, தன்மை’ என்ற தனிச்சொல் தேய்ந்து வாலாகிவிட்டது. இந்தத் தேய்மானத்துக்குப் பல நூற்றாண்டு பிடிக்கும். சொல்லின் மூலப் பொருளும் ஏதோ ஒரு வகையில் உள்ளே தங்கியிருக்கும்.

‘கேட்’ வந்த வழி வேறு. வாசல் என்ற பொருளுள்ள ‘கேட்’ தேய்ந்து விகுதியாகவில்லை. முதலில் வாட்டர்கேட் ஒரு கட்டடத்தின் பெயர். பிறகு அந்தக் கட்டடத்தில் தொடங்கிய ஒட்டுமொத்த விவகாரத்துக்கும் அதுவே பெயரானது. கடைசியில் அந்தப் பெயரின் வாலை மட்டும் அறுத்தெடுத்து, முழு விவகாரத்தின் பொருளையும் அதற்குள் ஏற்றிவிட்டார்கள். அறுபட்ட துண்டுக்கும் ஏற்றப்பட்ட பொருளுக்கும் எந்த உறவும் இல்லை. ‘வாட்டர்’ பக்கம் அறுத்திருந்தாலும் தர்க்கப்படி ஒன்றும் கெட்டிருக்காது.

கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதற்கு நமக்குத் தெரிந்த உடன்பிறப்பு ஒன்று உண்டு. மாரத்தான் என்பது கிரேக்கத்தில் ஓர் ஊர். அந்த ஊரின் பெயரால் ஒரு நெடுந்தூர ஓட்டம் வந்தது. ஓட்டத்தின் பெயரிலிருந்து ‘தான்’ தனியாகக் கழன்று, ‘விடாமல் நீண்ட நேரம் நடப்பது’ என்ற பொருளை எடுத்துக்கொண்டது. இன்று பொறியியல் கல்லூரிகளில் ஹேக்கத்தானும் கடற்கரைச் சாலையில் வாக்கத்தானும் நடக்கின்றன. ஹாம்பர்க் நகரப் பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரை ‘ஹாம்’ என்றும் ‘பர்கர்’ என்றும் தப்பாகப் பிரித்ததால் சீஸ்பர்கர் பிறந்ததும் இதே ரகம். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த வகையைத் தனியாக இனங்கண்டிருந்தார். அமெரிக்க மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2010இல் இத்தகைய துண்டுகளுக்கு ‘விடுதலை பெற்ற ஒட்டு’ என்ற பொருள்பட ஒரு பெயரும் வைத்தார்.

நையாண்டியில் பிறந்தது

நிக்சன் பதவியில் இருக்கும்போதே ‘கேட்’ கழன்றுவிட்டது. பதிவான மிகப் பழைய உதாரணம் 1973 ஆகஸ்டில் ‘நேஷனல் லாம்பூன்’ என்ற அமெரிக்க நகைச்சுவை இதழில் வருகிறது. சோவியத் யூனியனில் பெரிய ஊழல் ஒன்று நடப்பதாகக் கற்பனையாகக் கிண்டலடித்து அதற்கு ‘வோல்காகேட்’ என்று பேர் வைத்திருந்தார்கள். காவலாளி டேப்பைப் பார்த்த இரவிலிருந்து கணக்கிட்டால் 14 மாதம். ‘டம்’, ‘ஹுட்’ எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் எடுத்துக்கொண்ட வேலை இது. அதே காலத்தில் பிரான்ஸின் போர்தோ பகுதியில் மலிவு ஒயினைப் பெயர்பெற்ற ஒயினாகக் காட்டி விற்ற மோசடி வெளிவந்தபோது பத்திரிகைகள் அதை ‘ஒயின்கேட்’ என்றன.

தொடக்கமே கேலியில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ‘கேட்’ காலப்போக்கில் தரம் தாழ்ந்துவிட்டது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அது பிறக்கும்போதே பாதி சிரிப்போடு பிறந்தது. ஆள், இடம், பொருள் என்று எதன் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் லாகவம் அந்தச் சிரிப்பிலிருந்து வந்ததுதான்.

நிக்சனுக்கு உரை எழுதியவர்

நையாண்டி இதழோடு நின்றிருந்தால் இந்த விகுதி அப்போதே மறந்துபோயிருக்கும். அதை நாளிதழ் நடைக்குக் கொண்டுவந்து நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு வில்லியம் சஃபையருக்கு. வெள்ளை மாளிகையில் நிக்சனுக்கு உரை எழுதிக்கொடுத்தவர் அவர். 1973இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் பத்தி எழுத்தாளராகச் சேர்ந்தார். பின்னாளில் அதே பத்திரிகையில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய புகழ்பெற்ற பத்தியையும் எழுதினார்.

1974இலேயே ‘வியட்கேட்’ என்று எழுதினார். தென்கொரியா அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்துச் செல்வாக்குத் தேடிய விவகாரம் 1976இல் வெடித்தபோது அது ‘கொரியாகேட்’. ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரின் நிதி அதிகாரி பெர்ட் லான்ஸின் வங்கிச் சிக்கல் ‘லான்ஸ்கேட்’. அது பற்றிய பத்திகளுக்கு சஃபையர் 1978இல் புலிட்சர் பரிசும் பெற்றார். 1980இல் கார்ட்டரின் தம்பி பில்லி, லிபியாவிடமிருந்து 2,20,000 டாலர் வாங்கியது தெரியவந்ததும் ‘பில்லிகேட்’ தயார்.

எதிர்க்கட்சிக்காரர் செய்யும் ஒவ்வொரு தவறும் ‘கேட்’ ஆகிவிட்டால், வாட்டர்கேட் என்ன ஆகும்? வரிசையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். தன் பழைய முதலாளியின் குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டும் உந்துதல் தனக்குள் இருந்திருக்கலாம் என்று பத்திரிகையாளர் எரிக் ஆல்ட்டர்மேனிடம் சஃபையரே பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார். திட்டமிட்ட சதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் நிக்சனின் உரையாசிரியர் கையால் இந்த விகுதி பரவியது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

கடல் கடந்து

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசு தன்னை நல்லவனாகக் காட்ட அரசுப் பணத்தை ரகசியமாக வாரி இறைத்து, ஓர் ஆங்கில நாளிதழையே தொடங்கவைத்தது. அது 1978–79இல் அம்பலமானபோது அமைச்சர் கோனி முல்டரின் பெயரால் ‘முல்டர்கேட்’ ஆனது. முன்னாள் பிரதமர் ஃபோர்ஸ்டர் 1979இல் தன் அதிபர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ஜெர்மனியில் 1987இல் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில முதல்வர் ஊவே பார்ஷல் தேர்தலில் எதிராளியை வேவு பார்க்கவைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அம்மாநிலம் கடலோரம். கடலோரத்துக்கு வட்டார ஜெர்மனில் ‘வாட்டர்காண்ட்’. ‘வாட்டர்காண்ட்கேட்’ என்று சொல்லிப் பார்த்தால் அதன் அழகு புரியும். மெக்சிகோவில் 2001இல் அதிபர் இல்லத்துக்கு ஒன்று 400 டாலர் விலையில் துண்டுகள் வாங்கியது ‘துண்டுகேட்’. பாகிஸ்தானில் 2011இல் அமெரிக்காவுக்கான தூதர் ஹுசைன் ஹக்கானி ஒரு ரகசியக் குறிப்பு பற்றிய சர்ச்சையில் பதவியிழந்தது ‘மெமோகேட்’.

எல்லாவற்றிலும் வியப்பானது தென்கொரியா. அங்கே ‘கேட்’ விகுதியாக நிற்காமல் மறுபடி தனிச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு, பக்கத்தில் ‘கேட்’ என்று எழுதுவார்கள். அரசியல் ஊழல் என்று பொருள். 2016இல் ‘சோய் சூன்-சில் கேட்’ வெடித்தது. அதிபர் பார்க் கியூன்-ஹேயின் தோழி, எந்தப் பதவியும் இல்லாமல் அரசு விவகாரங்களில் கைவைத்தது அம்பலமாகி, லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 2017 மார்ச் 10 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதிபரைப் பதவியிலிருந்து நீக்கியது.

கிரிக்கெட் மைதானத்தில்

நம் வாசகர்கள் ‘கேட்’டை அதிகம் சந்தித்திருப்பது விளையாட்டுப் பக்கங்களில். 2008 சிட்னி டெஸ்டில் ஹர்பஜன் சிங், ஆண்ட்ரூ சைமண்ட்ஸை நிறவெறியோடு ஏசியதாக எழுந்த புகார் ‘மங்கிகேட்’. மூன்று டெஸ்ட் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன் அதை நீக்கி அபராதத்தோடு முடித்தார். 2013இல் மொஹாலி டெஸ்டுக்கு முன் பயிற்சியாளர் கேட்டதை எழுதிக் கொடுக்காத நான்கு ஆஸ்திரேலிய வீரர்கள் நீக்கப்பட்டது ‘ஹோம்வொர்க்கேட்’. இதில் மறைப்பும் இல்லை, குற்றமும் இல்லை. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைத்ததுதான் நடந்தது.

2018 மார்ச்சில் கேப் டவுனில் நடந்ததை இதோடு சேர்க்க முடியாது. ஆஸ்திரேலிய வீரர் கேமரான் பேன்கிராஃப்ட் மஞ்சள் நிறத்தில் எதையோ வைத்துப் பந்தைத் தேய்ப்பது மைதானத்துப் பெரிய திரையில் தெரிந்தது. உடனே அதைக் கால்சட்டைக்குள் திணித்தார். நடுவர்கள் கேட்டபோது கண்ணாடி துடைக்கும் கறுப்புத் துணியை எடுத்து நீட்டினார். அன்று மாலை செய்தியாளர்களிடம், மண் ஒட்டிய டேப் என்றார்கள். விசாரணையில் அது உப்புத்தாள் என்று தெரியவந்தது. கேப்டன் ஸ்மித்துக்கும் வார்னருக்கும் 12 மாதம், பேன்கிராஃப்டுக்கு 9 மாதம் தடை. பொறுப்பில் இருப்பவர்கள், சின்னத் தவறு, மறைப்பு, மறைப்பின் மேல் பொய் என்று நான்கு உறுப்பும் இதில் இருக்கின்றன. ‘சாண்ட்பேப்பர்கேட்’ என்ற பெயர் வாட்டர்கேட்டின் நேரடி வாரிசாக நிற்கத் தகுதியுள்ளது.

தலைப்பே தீர்ப்பாகும்போது

ஓரசை விகுதியால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். மூன்று விளைவுகளைச் சொல்ல முடியும்.

1. எடை தெரியாமல் போகிறது. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் சோதனைக்கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை உலகமெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் வைத்திருந்தது 2015இல் தெரியவந்தது. அது ‘டீசல்கேட்’. ஐபோன் 4ஐ ஒரு மாதிரி பிடித்தால் சிக்னல் குறைந்தது 2010இல் ‘ஆன்டெனாகேட்’. இரண்டுக்கும் ஒரே வால்.

2. விசாரணைக்கு முன்பே முடிவு சொல்லப்படுகிறது. 2009 நவம்பரில், கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக விஞ்ஞானிகளின் மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டார்கள். ‘கிளைமேட்கேட்’ என்ற பெயர் உடனே ஒட்டியது. அதன்பின் பல விசாரணைகள் நடந்தன. தகவல்களைப் பகிர்வதில் விஞ்ஞானிகள் தயங்கியதைக் குறை சொன்னவர்களும் ஆய்வில் மோசடி இல்லை என்றே முடித்தார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. வாட்டர்கேட்டில் திருட வந்தவர்கள் குற்றவாளிகள். இங்கே களவு கொடுத்தவர்கள் தலையில் ‘கேட்’ விழுந்தது.

3. குற்றஞ்சாட்டுபவர்களே இதை ஆயுதமாக்க முடிகிறது. 2014இல் ‘கேமர்கேட்’ என்று பேர் வைத்துக்கொண்ட இணையக் கூட்டம், வீடியோ கேம் பத்திரிகைகளின் நேர்மையைக் கேள்வி கேட்பதாகச் சொன்னது. நடந்ததோ அந்தத் துறைப் பெண்களுக்குக் கொலை மிரட்டலும் பாலியல் மிரட்டலும். ஊழலை வெளிக்கொணரும் தோரணையை அந்த விகுதி இலவசமாகக் கொடுத்தது. (இதே எழுத்துகளில் ஆங்கிலத்தில் ஒரு எறும்புக்கும் பெயர் உண்டு. ‘மணமான வேலைக்காரி’ என்ற கிரேக்கப் பொருளில் 1980களிலேயே வைத்தது. அந்த எறும்புக்கும் நிக்சனுக்கும் சம்பந்தமில்லை.)

பொருத்தமான பயன்பாடே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொரோனா ஊரடங்கில் பிரிட்டன் பிரதமர் அலுவலகத்திலும் பிற அரசு அலுவலகங்களிலும் நடந்த விருந்துகளுக்காக லண்டன் போலீஸ் 83 பேருக்கு 126 அபராதங்கள் விதித்தது. அவர்களில் போரிஸ் ஜான்சனும் ஒருவர். ஒரு விருந்துக்கான அபராதத் தொகை சொற்பம். விதிகளெல்லாம் பின்பற்றப்பட்டன என்று அவர் நாடாளுமன்றத்தில் சொன்னதுதான் கழுத்தைப் பிடித்தது. அவர் தெரிந்தே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் சிறப்புரிமைக் குழு முடிவு சொன்னது. இதற்கு ‘பார்ட்டிகேட்’ என்று வைத்தவர் யாராக இருந்தாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மிகக் கனமான விவகாரங்கள் சில நாளடைவில் இந்த வாலை உதிர்த்துவிடுகின்றன. ரீகன் ஆட்சியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பியது 1986இல் ‘ஈரான்கேட்’ என்றுதான் அடிபட்டது. இன்று வரலாற்று நூல்களில் ‘ஈரான்-கான்ட்ரா விவகாரம்’. நீதிமன்றமும் வரலாறும் உள்ளே வந்ததும் தலைப்புக்காரர் வைத்த பெயர் வெளியே போய்விடுகிறது.

கோல்கேட்டும் பற்பசையும்

டெல்லியிலும் அதுவே நடந்தது. ஏலம் விடாமல் நிலக்கரிச் சுரங்கங்களை ஒதுக்கியதால் தனியாருக்கு 1.86 லட்சம் கோடி ரூபாய் ஆதாயம் போனது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2012 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு வாய்த்த பெயர் ‘கோல்கேட்’. நிலக்கரியும் பற்பசையும் ஒரே உச்சரிப்பில் மோதியதால் அதைவிடக் கவர்ச்சியான தலைப்பு கிடைக்காது. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 1993 முதலான 218 ஒதுக்கீடுகளில் நான்கைத் தவிர மற்றதை ரத்து செய்தபோது, தீர்ப்பில் இருந்தது ‘நிலக்கரித் தொகுதி ஒதுக்கீடு’ என்ற உலர்ந்த சொல்தான்.

தமிழ்ப் பத்திரிகைகளில் ‘கேட்’ வேர் பிடிக்கவே இல்லை. முதல் சிக்கல் எழுத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசத்தில் நிற்கும் சிலேடை தமிழில் எழுதினால் பற்பசையும் ஊழலும் ஒரே ‘கோல்கேட்’. அதைவிட முக்கியமான காரணம், ‘ஊழல்’, ‘முறைகேடு’, ‘விவகாரம்’, ‘சர்ச்சை’ என்று எடை வாரியாகப் பிரித்துச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே சொற்கள் இருக்கின்றன. எந்தப் பெயரின் பின்னாலும் அவை இடைஞ்சலில்லாமல் உட்காரும்: போஃபர்ஸ் ஊழல், அலைக்கற்றை ஒதுக்கீடு முறைகேடு, பந்தைச் சேதப்படுத்திய விவகாரம். தலைப்பில் கூடுதலாக இடம் தின்னும் என்பது மட்டும்தான் கஷ்டம்.

ஒரே ஒரு இடத்தில் இந்த எடைக்கல் சறுக்கியிருக்கிறது. ‘ஊழல்’ என்றால் நமக்கு முதலில் பணம்தான் நினைவுக்கு வரும். வாட்டர்கேட்டின் மையத்தில் இருந்தது வேவு, களவு, விசாரணையைத் தடுத்தது. ஆனால் அரை நூற்றாண்டாகத் தமிழில் அது ‘வாட்டர்கேட் ஊழல்’ என்றே அச்சாகிவருகிறது.